மூன்று வயதுக்கு எட்டும் சென்னை

பெரிய பொழுதுபோக்குப் பூங்காக்களில் சவாரி வாசல்தோறும் ஓர் உயரக்கோடு போட்டிருப்பார்கள். சிலவற்றுக்கு 120 செ.மீ., இன்னும் சிலவற்றுக்கு 140. கோட்டைத் தொடாத குழந்தைக்கு உள்ளே இடமில்லை. பாதுகாப்புக்கான விதி, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் குடும்பத்தோடு நெடுந்தூரம் வண்டியில் வந்து, வரிசையில் நின்று, கை நிறையப் பணம் கொடுத்து உள்ளே போன மூன்று வயதுக் குழந்தை, அன்று பகல் முழுவதும் அக்கா ஏறுவதையும் இறங்குவதையும் கீழே நின்று பார்க்கிறது. மாலையில் வீட்டுக்கு வந்ததும் அது விரும்பிச் சொல்லும் ஒரே விஷயம், வாகன நிறுத்தத்தில் பார்த்த நாய்க்குட்டியாக இருக்கும்.

நெதர்லாந்தின் வான் லியர் அறக்கட்டளை 'அர்பன்95' என்றொரு முயற்சியை நடத்துகிறது. ஆரோக்கியமான மூன்று வயதுக் குழந்தையின் உயரம் ஏறக்குறைய 95 செ.மீ. அந்த உயரத்தில் கண்ணை வைத்துப் பார்த்தால் ஒரு நகரம் எப்படித் தெரியும் என்று நகர நிர்வாகங்களைக் கேட்பதுதான் முயற்சியின் சாரம். இந்தியாவின் பல நகரங்களும் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்திருக்கின்றன. சென்னையில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளோடு எங்கே போகலாம் என்று ஆராய, இதைவிட நல்ல அளவுகோல் கிடைக்காது.

உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கென வழிகாட்டுதல் வெளியிட்டது. ஒன்று முதல் நான்கு வயது வரை, நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிடங்கள் உடல் அசைவு வேண்டும். இரண்டு முதல் நான்கு வயதுக்குத் திரை ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம். இரண்டு அறை, ஒரு கூடம் கொண்ட அடுக்ககத்தில் மூன்று மணி நேர ஓட்டத்துக்கு எங்கே இடம்? ஆகவே வெளியே போவது வாரக் கடைசி ஆடம்பரம் என்ற எண்ணத்தையே கைவிட வேண்டியிருக்கிறது. சோறு, தூக்கம் போல அதுவும் அன்றாடத் தேவை. அன்றாடத் தேவை என்றால் அது பக்கத்தில் இருக்க வேண்டும், செலவு குறைவாக இருக்க வேண்டும், திரும்பத் திரும்பப் போகத் தக்கதாக இருக்க வேண்டும். சிறு குழந்தைக்குப் புதிய இடத்தைவிடப் பழகிய இடமே பெரிய மகிழ்ச்சி. அதே மரம், அதே மான், அதே படிக்கட்டு என்று அது கேட்டு வாங்கும்.

அருகாமை, குறைந்த செலவு, திரும்பப் போகத் தக்க தன்மை ஆகிய மூன்றையும் வைத்துப் பார்த்தால், நகரத்தின் மிகச் சிறந்த பகுதி கிண்டிக்கும் கோட்டூர்புரத்துக்கும் இடைப்பட்ட நிலந்தான். சர்தார் படேல் சாலையில் சிறுவர் பூங்கா. அதை ஒட்டியே, ராமுலஸ் விட்டேக்கர் தொடங்கி 1972 முதல் அங்கே இயங்கும் பாம்புப் பண்ணை. சற்றுத் தள்ளி 1956இல் திறக்கப்பட்ட காந்தி மண்டபம். அந்த மண்டபத்தின் பெயர் தாங்கிய சாலையில் திரும்பினால் பிர்லா கோளரங்கமும், அண்ணா நூற்றாண்டு நூலகமும். நூலகத்தைத் தாண்டினால் கோட்டூர்புரத்தில் 'நிழல்' அமைப்பு பராமரித்து வளர்த்த மரப் பூங்கா. ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட நினைப்பவர்கள் குழந்தையைப் படுத்தி, தாங்களும் படுவார்கள். ஒரு வருகைக்கு ஓர் இடம் என்று வைத்துக்கொண்டால், ஒரே பேருந்துத் தடத்தில் பல வாரங்களுக்கான ஞாயிறுகள் இருக்கின்றன.

சிறுவர் பூங்கா, கிண்டி தேசியப் பூங்காவின் ஓரம். நாட்டின் மிகச் சிறிய தேசியப் பூங்காக்களில் ஒன்றான அதன் பரப்பு 2.7 சதுர கி.மீ. மட்டுமே, பெருநகரத்தின் நடுவே வெளிமானும் புள்ளிமானும் மேயும் காடு அது. காட்டுக்குள் எல்லோரும் போய்விட முடியாது. அதன் வாசலில் குழந்தைகளுக்கென்று ஒதுக்கப்பட்ட பூங்கா 2024இல் புதுப்பித்துத் திறக்கப்பட்டது. இதன் பெருமை அளவில் இருக்கிறது. நுழைவாயிலிலிருந்து குழந்தை தன் காலாலேயே நடந்து போய், கூண்டுகளைப் பார்த்து, ஊஞ்சலாடி, தூக்கச் சொல்லி அழுவதற்குள் திரும்பிவிடலாம்.

வண்டலூரில் இது நடக்காது. 602 ஹெக்டேர் பரப்புள்ள அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா நாட்டின் பெரிய விலங்குக் காட்சிச்சாலைகளில் ஒன்று. விலங்குகளுக்கு அத்தனை இடம் கிடைப்பது நியாயமானது, மகிழ்ச்சிக்குரியதும்கூட. ஆனால் ஒரு புலியிலிருந்து அடுத்த ஒட்டகச்சிவிங்கிக்கு நடக்கும் தூரம் நாலு வயதுக் கால்களுக்கு மிக அதிகம். பேட்டரி வண்டியில் சுற்றுவது, அல்லது பறவைகளும் குரங்குகளும் என்று முன்பே இரண்டைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுவது என்று ஏதாவதொன்றைச் செய்தால்தான் வண்டலூர் இனிக்கும். ஒரு வரலாற்றுத் தகவலையும் இங்கே சொல்ல வேண்டும்: இந்த விலங்குக் காட்சிச்சாலை பிறந்தது எழும்பூரில். 1851இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகத்தின் பொறுப்பாளர் எட்வர்டு பால்ஃபர், 1855இல் அந்த வளாகத்திலேயே உயிருள்ள விலங்குகளையும் காட்டத் தொடங்கினார். அது இடம் மாறி மாறி 1985இல் வண்டலூர் சேர்ந்தது. எழும்பூரில் இன்று உயிருள்ள விலங்கு இல்லை. ஆனால் திமிங்கிலத்தின் எலும்புக்கூடு இருக்கிறது. அமராவதிச் சிற்பங்களையும் சோழர் செப்புத் திருமேனிகளையும் காண உலகமே அங்கே வரும். ஐந்து வயதுக்குட்பட்டவர்கள் அந்த எலும்புக்கூட்டின் அடியில் தலையைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். அவர்கள் விரும்பும்வரை நிற்க விட வேண்டும்.

வீட்டிலிருந்து கிளம்புவதற்குமுன் கிழமையைப் பார்ப்பது முக்கியம். வண்டலூருக்கும் கிண்டி சிறுவர் பூங்காவுக்கும் முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்கும் செவ்வாய் விடுமுறை. எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளி. வடநெம்மேலி முதலைப் பண்ணைக்கும் ஐ.சி.எஃப். ரயில் அருங்காட்சியகத்துக்கும் திங்கள். பள்ளிக்கு உள்ளூர் விடுமுறை விட்ட செவ்வாயன்று ஆசையாய்ப் போய், பூட்டிய கதவுமுன் அழும் பிள்ளையைச் சமாதானப்படுத்தித் திரும்பிய குடும்பங்கள் ஊரில் ஏராளம்.

கடற்கரைக்கு விடுமுறையும் கிடையாது, நுழைவுச்சீட்டும் கிடையாது. கோடையில் பகல் ஏற ஏறக் கடற்காற்று ஊருக்குள் நுழையும்; ஐந்து மணி வாக்கில் கரை சொர்க்கம். ஆனால் மெரினா, குழந்தையின் கண்ணுக்கு முதலில் ஒரு பாலைவனம். சாலையிலிருந்து அலை வரை சராசரியாக 300 மீட்டர் மணல். மாற்றுத்திறனாளிகள் அலையருகே போக வேண்டும் என்ற நெடுங்காலக் கோரிக்கையை ஏற்று மாநகராட்சி 2022 நவம்பரில் அங்கே நிரந்தர மரப்பாதை ஒன்றைத் திறந்தது. திறந்த இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயலின் அலை அதைச் சிதைத்தது, பிறகு சீரமைத்தார்கள். சக்கர நாற்காலிக்காகப் போட்ட அந்தப் பாதையில்தான் கைக்குழந்தையின் தள்ளுவண்டியும் போகிறது, முழங்கால் வலியுள்ள பாட்டியும் பேரனைப் பிடித்துக்கொண்டு போகிறார். ஒருவருக்கென்று செய்த வசதி எத்தனை பேருக்கு உதவுகிறது என்பதற்கு ஊரில் இதைவிட நல்ல சான்று இல்லை. இப்படியொரு பாதை கடற்கரைக்கு ஒன்று என்று போட்டாலும் தகும்.

கடலில் இறங்குவது பற்றி ஒரே விதி: கணுக்கால் நனையலாம், கை பிடியில் இருக்க வேண்டும். மெரினாவில் அலை கரையிலிருந்து சட்டென்று இழுக்கும். குளிக்கத் தடை இருப்பது அதனால்தான். காணும் பொங்கலன்று லட்சக்கணக்கில் கூட்டம் சேரும்போது காவலர்கள் குழந்தைகளின் மணிக்கட்டில் பெற்றோரின் தொலைபேசி எண் எழுதிய பட்டையைக் கட்டி அனுப்புகிறார்கள். எளிமையான, அருமையான ஏற்பாடு. மற்ற நாட்களில் அதையே பெற்றோர் ஒரு பேனாவால் குழந்தையின் கையில் எழுதிவிடலாம். தின்பண்டத்தில் சுண்டலும் சுட்ட சோளமும் போதும். நிறமேற்றிய பஞ்சுமிட்டாயில் ரோடமின்-பி சாயம் இருப்பது தெரியவந்து, 2024 பிப்ரவரியில் தமிழக அரசு அதன் விற்பனையைத் தடை செய்ததைப் பிள்ளைகளுக்குப் புரியும்படி சொல்லி வைப்பது நல்லது.

பெசன்ட் நகர் கடற்கரையில் ஆண்டுக்கொருமுறை நடப்பது ஒன்று உண்டு. குழந்தையுள்ள எந்தச் சென்னைக் குடும்பமும் அதைத் தவறவிடக் கூடாது. ஜனவரி முதல் பங்குனி ஆமைகள் இந்தக் கரையில் முட்டையிட வரும். கல்லூரி மாணவர்கள் சேர்ந்து 1988இல் தொடங்கிய கடலாமைப் பாதுகாப்புக் குழு, இரவெல்லாம் கரையோரம் நடந்து, நாய்களும் மனிதர்களும் கலைக்குமுன் முட்டைகளை எடுத்து வந்து, வேலியிட்ட பொரிப்பகத்தில் புதைத்துக் காக்கிறது. அந்த இரவு நடை சிறு குழந்தைகளுக்கு ஆகாது. மணலில் பல கிலோமீட்டர், அதுவும் நள்ளிரவுக்குப் பின். அவர்களுக்கானது அடுத்த கட்டம். ஏறத்தாழ ஒன்றரை மாதம் கழித்து, மார்ச், ஏப்ரல் வாக்கில், குஞ்சுகள் மணலை முட்டிக்கொண்டு வெளியே வரும். மாலையில் அவற்றைக் கொண்டுவந்து ஈரமணலுக்குச் சற்று முன்னால் விடுவார்கள். எதிரே நிற்கும் கூட்டத்தைத் தள்ளி நிற்கச் சொல்வார்கள், கைபேசி விளக்கை அணைக்கச் சொல்வார்கள். குஞ்சுகள் வெளிச்சமான பக்கத்தைக் கடல் என்று நம்பி நகர்பவை. உள்ளங்கையில் பாதிகூட இல்லாத அந்த உயிர் துடுப்புக்கால்களால் மணலைத் தள்ளித் தள்ளிப் போகும், ஒரு காலடித் தடத்தின் பள்ளத்தில் விழும், ஏறும், முதல் அலை வந்து திருப்பிப் போடும், மறுபடி கிளம்பும். நாலு வயதுக் குழந்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும் காட்சி அது. உயரக்கோடு தேவையில்லை, தரையை ஒட்டி நடப்பதால் குட்டையானவர்களுக்கே நன்றாகத் தெரியும்.

அந்தக் குழந்தை பின்னர் கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பெரிய ஆமையைப் பார்த்துக் கேள்வி கேட்கும். 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. நுரையீரலால் மூச்சுவிடும் ஆமை, இழுவை வலைக்குள் சிக்கினால் மேலே வர முடியாமல் மூச்சு முட்டிச் சாகும். இதை மறைக்க வேண்டியதில்லை. ஐந்து வயதுக்குப் புரியும் மொழியில் சொல்லலாம்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் வடநெம்மேலியில் 1976இல் தொடங்கிய முதலைப் பண்ணை. நூற்றுக்கணக்கான முதலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அசையாமல் கிடப்பதைப் பார்க்கும் குழந்தை, இவை பொம்மையா என்று கேட்கும். பதில் சொல்வதற்குள் ஒன்று வாயைத் திறக்கும். ஆனால் அந்த வளாகத்தில் பலரும் அவசரமாகக் கடந்துபோகும் ஒரு மூலை உண்டு: இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். பாம்புத் தோல் வணிகம் தடை செய்யப்பட்டபின் வாழ்விழந்த இருளர்கள் 1978இல் அமைத்துக்கொண்ட சங்கம் இது. இந்தியாவில் பாம்புக்கடிக்கு மருந்து தயாரிக்கத் தேவையான நஞ்சு பெருமளவு இங்கிருந்துதான் போகிறது. வாயில் துணி கட்டிய மண்பானைகள் வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றிலும் பாம்பு. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கிலிருந்தே நஞ்செடுக்கிறார்கள். ஓர் இருளர் பானையின் துணியை அவிழ்த்து, கொக்கியால் பாம்பை மெல்ல எடுத்து, தலையைப் பிடித்துச் சவ்வு கட்டிய கண்ணாடிக் குவளையில் கடிக்க வைப்பார். மஞ்சளாய்ச் சில துளிகள் இறங்கும். சில வாரங்கள் கழித்துப் பாம்பைக் காட்டிலேயே விட்டுவிடுவார்கள். பள்ளிக்கூடம் போகாமலே இந்த அறிவைப் பெற்ற வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இரு இருளர்களுக்கு 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பாம்பென்றால் அடி என்று கேட்டு வளரும் பிள்ளைகள், அதைப் பிடித்து உயிர்காக்கும் மனிதரை நேரில் பார்ப்பதற்கு எந்தப் பாடப் புத்தகமும் ஈடாகாது.

அதே சாலையில் முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ராவும் உண்டு. தென்னிந்தியப் பழைய வீடுகளை அந்தந்த ஊரிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். பெரியவர்கள் மரத்தூணையும் முற்றத்தையும் ரசிப்பார்கள். குழந்தைகள் திண்ணையிலிருந்து குதிப்பார்கள், குயவர் சக்கரத்தில் கையை வைத்துச் சட்டையெல்லாம் களிமண்ணாக்கிக்கொள்வார்கள். மாற்றுத் துணி அவசியம்.

குளிர்காலத்தில் பலரும் குழந்தைகளை வேடந்தாங்கலுக்குக் கூட்டிப் போகிறார்கள். நவம்பர் முதல் மார்ச் வரை கரண்டிவாயனும் நத்தைகுத்தி நாரையும் நிறைந்திருக்கும் அருமையான ஏரி அது. ஆனாலும் மூன்று வயதுக்கு அது சீக்கிரம். பறவைகள் தொலைவில், மரங்களின் மேல். இருநோக்கியைக் கண்ணில் பொருத்திப் பார்க்கச் சின்னக் கைகளுக்கு வராது. ஏழெட்டு வயதுக்குக் காத்திருக்கலாம். அதுவரை தெருக்கோடி வேப்பமரத்து அணிலும் காகமும் போதும்.

மிகக் குறைந்த செலவில் குழந்தையை மிக அதிகமாக மகிழ்விப்பது ரயில். அதிலும் பறக்கும் ரயில். சென்னைக் கடற்கரையிலிருந்து 1995இல் சேப்பாக்கம் வரையும், 2007இல் வேளச்சேரி வரையும் வந்துசேர்ந்த இந்தத் தடம், பெரும்பகுதி வீட்டு மாடிகளின் உயரத்தில் போகிறது. ஜன்னலோரம் நிற்கும் பிள்ளைக்கு மொட்டை மாடிகளில் காயும் துணி, தண்ணீர்த் தொட்டி, பக்கிங்ஹாம் கால்வாய், மயிலையில் கோபுரம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஐந்து வயதுக்குட்பட்டோருக்கு டிக்கெட் கிடையாது; பெரியவர்களுக்குத் தேநீர் விலைதான். இறங்க வேண்டிய நிலையம் என்று ஒன்று இருக்க வேண்டியதுகூட இல்லை, போய்த் திரும்பினாலே அது ஓர் உல்லாசப் பயணம். மதியத்தில், கூட்டமில்லாத நேரத்தில் போக வேண்டும். ரயில் பித்து முற்றியவர்களை ஐ.சி.எஃப். அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனால் பழைய நீராவி எஞ்சின்களும் சிறுவர் ரயிலும் காத்திருக்கின்றன.

மழையும் வெயிலும் இந்தத் திட்டங்களையெல்லாம் கலைக்கும் மாதங்கள் உண்டு. அப்போது பெரும்பாலான குடும்பங்கள் வணிக வளாகத்தின் விளையாட்டுக் கூடத்துக்குப் போகின்றன, மணிக்கணக்கில் கட்டணம். அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் கட்டணமே இல்லை. 2010இல் திறந்த அந்தக் கட்டடத்தின் குழந்தைகள் பிரிவில் செயற்கை மரமொன்று நிற்கிறது. அதனடியில் படப்புத்தகங்களைப் பரப்பிக்கொண்டு உட்காரலாம். குளிர்சாதனம், குடிநீர், சுத்தமான கழிப்பறை என்று சிறு குழந்தையோடு வருபவருக்கு வேண்டியதெல்லாம் ஒரே கூரையின்கீழ் அமைந்த பொது இடங்கள் ஊரில் வேறு சிலவே. படிக்கத் தெரியாத பிள்ளைக்கு நூலகம் எதற்கு என்று கேட்பவர்கள், அங்கே அம்மா மடியில் உட்கார்ந்து யானைப் படத்தைத் தடவிக்கொண்டிருக்கும் இரண்டு வயதுக்காரரைப் பார்க்க வேண்டும். மதுரைக்காரர்களுக்கு 2023 ஜூலை முதல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இதே பேற்றைக் கொடுத்திருக்கிறது. கோவைக்கு 1902 முதல் காஸ் வன அருங்காட்சியகம் இருக்கிறது. திருச்சிக்கு ஸ்ரீரங்கத்தருகே வண்ணத்துப்பூச்சிப் பூங்கா.

திருவிழாக்களை மறந்துவிட்டு இந்த ஆய்வு நிறைவுறாது. பூங்காவும் நூலகமும் வருவதற்குமுன் குழந்தைகளின் வெளியுலகம் அவைதான். நவராத்திரிக்குமுன் மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் நடைபாதை முழுக்கக் கொலு பொம்மைகள், குழந்தையின் கண் மட்டத்தில். செட்டியார் கடை, கிரிக்கெட் ஆட்டம், கல்யாண ஊர்வலம் என்று மண்ணில் செய்த முழு ஊரே தரையில் உட்கார்ந்திருக்கும். பங்குனி அறுபத்துமூவர் விழாவில் மரச் செப்புச் சாமான்கள் விற்கும். ஆகஸ்ட் 29 தொடங்கிப் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயில் திருவிழா. பொங்கலை ஒட்டித் தீவுத்திடலில் சுற்றுலாப் பொருட்காட்சி, ராட்டினமும் டெல்லி அப்பளமுமாக. கூட்டத்தின் உச்ச நாளைத் தவிர்த்து, முதல் நாளோ வாரநாள் மாலையோ போனால் இவையெல்லாம் சின்னவர்களுக்கும் பொருந்தும்.

இவ்வளவு இருந்தும் வீட்டில் அடைந்து கிடப்பது ஏன்? பணம் மட்டுமே காரணமென்று இனிச் சொல்ல முடியாது. 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. 2022இல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கும் அரசுப் பேருந்தில் கட்டணம் நீக்கப்பட்டது. அதாவது ஓர் அம்மா இரண்டு சின்னஞ்சிறுசுகளோடு அம்பத்தூரிலிருந்தோ தாம்பரத்திலிருந்தோ கடற்கரை வந்து திரும்ப ஒரு பைசா ஆகாது. இந்த இரண்டு அறிவிப்புகளும் சேர்ந்து சிறு குழந்தைகளின் நகரத்தை எவ்வளவு விரித்திருக்கின்றன என்பதைப் பற்றி யாரும் போதிய அளவு பேசவில்லை.

உண்மையான தடை கழிப்பறை. நாலு வயதுக் குழந்தை "வருது" என்று சொன்னால் கையில் இருப்பது இரண்டு நிமிடம். கைக்குழந்தைக்குப் பாலூட்ட மறைவிடம் வேண்டும். 2015இல் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகளைத் திறந்து தமிழ்நாடு நல்ல வழி காட்டியது, ஆனால் அம்மாக்கள் மணிக்கணக்கில் இருக்கும் பூங்காவுக்கும் கடற்கரைக்கும் அது இன்னும் போதிய அளவு வந்து சேரவில்லை. அடுத்த தடை நேரம். பள்ளி செல்லாத குழந்தை விளையாடத் தயாராக இருப்பது காலை பத்து, பதினொரு மணிக்கு. அந்நேரத்தில் பூட்டிக் கிடக்கும் பூங்காக் கதவுகளை இன்றும் பார்க்கலாம். மூன்றாவது, தகவல். எந்தப் பூங்காவில் நிழல் உண்டு, எங்கே சறுக்குமரம் வெயிலில் கொதிக்கும் தகரம், எங்கே கழிப்பறை திறந்திருக்கிறது, ஆமைக்குஞ்சு எந்த மாலை விடுகிறார்கள் என்பதெல்லாம் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஓர் அக்கா சொன்னால்தான் தெரிகிறது. அந்தக் குழுவில் இல்லாத வீட்டுக்கு, ஊருக்குப் புதிதாக வந்த கட்டடத் தொழிலாளியின் குடும்பத்துக்கு, இதில் எதுவுமே போய்ச் சேர்வதில்லை.

சென்னை மாநகராட்சியில் 200 வார்டுகள். ஒவ்வொரு வார்டின் அங்கன்வாடி வாசலிலும் ஒரே ஒரு தாள் ஒட்டினால் போதும்: நடந்து போகும் தூரத்திலுள்ள பூங்கா, அதன் நேரம், தண்ணீரும் கழிப்பறையும் எங்கே, அருகிலுள்ள நூலகம், அங்கே போகும் பேருந்து எண், எந்தக் கிழமை விடுமுறை. மாதத்துக்கொருமுறை தாளை மாற்ற வேண்டும். இந்த விவரங்கள் அனைத்தும் அரசுத் துறைகளின் கையில் ஏற்கெனவே தனித்தனியாக இருக்கின்றன. கத்திரி வெயில் தொடங்கும் மே மாதத்துக்குமுன், நிழலுள்ள பூங்காக்களின் கதவைப் பகல் முழுவதும் திறந்து வைக்கும் உத்தரவையும் அதே தாளில் சேர்த்துவிடலாம்.